ஆயில்யம் முதல் பாதம், ‘டி’யில் பெண் குழந்தைக்குப் பெயர் வேண்டும்

உச்சிப்புளி குமார்:
அனைவருக்கும் வணக்கம். முதல் குழந்தை, பெண். ராமநாதபுரத்தில் ஆஸ்பத்திரியில் பிறந்தாள். பகல் 11.08 என்று சீட்டில் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். தாயும் பிள்ளையும் நலம். வீட்டில் மற்ற யாரும் நலமில்லை, காரணம் பெயர்.

அம்மா பாம்புப் பஞ்சாங்கத்தைப் புரட்டிப் பூசம் என்று சொல்லிவிட்டார்கள். அதில் பகல் பன்னிரண்டரை தாண்டியும் பூசம் இருக்கிறது. மாமனார் தேவிபட்டினத்துக்காரர், தனக்குப் பழக்கமான ஜோசியரிடம் போனார். அவர் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்து, பத்தேகாலுக்கே பூசம் முடிந்துவிட்டது, பிள்ளை ஆயில்யம் முதல் பாதம், ‘டி’யில் பெயர் வையுங்கள் என்று தாளில் எழுதிக் கொடுத்துவிட்டார். அந்தத் தாளை அம்மா கையில்கூட வாங்கவில்லை. “பொம்பளப் பிள்ளைக்கு ஆயில்யம்னு எழுதி வச்சா நாளைக்கு எவன் வந்து கேப்பான், மாமியாருக்கு ஆகாதும்பானுக” என்று ஒரே பாட்டு.

இது போதாதென்று திருப்புல்லாணி வேண்டுதல் வேறு இருக்கிறது. ரொம்ப நாள் பிள்ளை இல்லாமல் அங்கே போய்ப் பாயசம் வாங்கிக் குடித்தோம். ஆணாகப் பிறந்தால் ஜெகந்நாதன், பெண்ணாகப் பிறந்தால் தாயார் பெயர் பத்மாசனி என்று அம்மா அப்போதே நேர்ந்துகொண்டார்களாம். எனக்கே இப்போதுதான் தெரியும். மனைவி யாழினி என்று முடிவு செய்து போனில்கூட அப்படியே சேமித்து வைத்திருக்கிறாள்.

பதினாறாம் நாள் தொட்டில் போடுகிறோம். பூசமா ஆயில்யமா? ‘டி’யில் வாயில் நுழைகிற மாதிரி ஏதாவது பெயர் உண்டா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பாம்பன் பாலா:
வாழ்த்துகள் மாப்ளே. ‘டி’யில் பொம்பளப் பிள்ளைக்கு டிம்பிள் ஒன்றுதான் எனக்குத் தெரிந்தது. உச்சிப்புளி ஸ்டேஷனில் நின்று அப்பத்தா “ஏ டிம்பிளு”ன்னு கூப்பிடுறதை நினைச்சுப் பாத்தேன். பத்மாசனியே தேவலை.

பஞ்சாங்கப் பிரியன்:
குமார், முதலில் உங்கள் முதல் கேள்வி. இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. பாம்புப் பஞ்சாங்கம் வாக்கியம். வரருசி பெயரால் வழங்கும் 248 சந்திர வாக்கியங்களை வைத்துச் சந்திரன் இருக்கும் இடத்தைக் கணிக்கிற பழைய முறை. கம்ப்யூட்டர் போட்டது திருக்கணிதம், இன்றைய வானியல் கணக்கை ஒட்டியது. சில நாள் இரண்டும் கிட்டத்தட்ட ஒத்துப்போகும், சில நாள் மணிக்கணக்கில் விலகும். உங்கள் பிள்ளை அந்த இடைவெளிக்குள் பிறந்திருக்கிறாள், அவ்வளவுதான்.

பாதக் கணக்கு இப்படி. ஒரு நட்சத்திரம் 13 பாகை 20 கலை, அதை நாலாக வெட்டினால் ஒரு பாதம் 3 பாகை 20 கலை. சந்திரன் ஒரு நட்சத்திரத்தைக் கடக்கச் சராசரியாக 24 மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே எடுக்கும், ஆகவே ஒரு பாதம் ஏறத்தாழ ஆறு மணி நேரம். 27 நட்சத்திரம், 108 பாதம், ஒவ்வொன்றுக்கும் ஓர் எழுத்து.

வாக்கியப்படி பூசம் முடிய இன்னும் ஒன்றரை மணி நேரம் பாக்கி என்றால் அது பூசம் 4ஆம் பாதம். பூசத்துக்கு எழுத்து ஹு, ஹே, ஹோ, டா. ஆயில்யத்துக்கு டி, டு, டே, டோ. அம்மா ஜெயித்தாலும் ‘டா’, மாமனார் ஜெயித்தாலும் ‘டி’. எப்படிப் போனாலும் ட-வரிசையிலிருந்து உங்களுக்கு விடுதலை இல்லை!

உச்சிப்புளி குமார்:
ஐயா, சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. ஆஸ்பத்திரி கடிகாரம் பத்து நிமிடம் முன்னே பின்னே இருந்தால் மாறுமா? நம் ஊர்ப் பக்கம் சூரிய உதயமே வேறு என்று ஒருத்தர் சொன்னார்.

பஞ்சாங்கப் பிரியன்:
ராமேஸ்வரம் தீர்க்கரேகை சுமார் 79.3, இந்திய நேரம் 82.5 பாகைக்கு உரியது. அதனால் உள்ளூர் நேரம் சுமார் 13 நிமிடம் பின்தங்கும். இது லக்னத்துக்குத்தான், அதாவது பிறந்த நேரத்தில் கிழக்கே உதிக்கும் ராசிக்குத்தான் முக்கியம், லக்னம் ஏறத்தாழ இரண்டு மணிக்கொருமுறை மாறுகிறதே. நட்சத்திரம் சந்திரனைப் பொறுத்தது. டில்லியில் இருந்தாலும் தனுஷ்கோடியில் இருந்தாலும் அது முடியும் நேரம் ஒன்றுதான். பத்து நிமிடம் பாத விளிம்பில் பிறந்த பிள்ளைக்கு வேண்டுமானால் இடிக்கும், உங்களுக்கு இல்லை. உங்களுக்கு விவகாரம் கடிகாரம் அல்ல, எந்தப் பஞ்சாங்கம் என்பது. குடும்பத்தில் திதி, திவசம், திருமணம் எல்லாம் எதில் பார்க்கிறீர்களோ அதிலேயே இதையும் பார்ப்பதுதான் முறை. பிள்ளைக்கு ஒன்று, பெரியவருக்கு ஒன்று என்று மாற்றிக்கொண்டே போகக் கூடாது.

நர்ஸ் அக்கா:
நான் பிரசவ வார்டில் வேலை பார்த்தவள். பிள்ளை முழுசாக வெளியே வந்த நேரத்தைத்தான் எழுதுவோம். தலை தெரிந்த நேரம், முதல் அழுகை என்று ஜோசியர்கள் ஆளுக்கொன்று கேட்பார்கள். “சிஸ்டர், நேரத்தைக் கொஞ்சம் தள்ளிப் போடுங்களேன்” என்று கெஞ்சுகிற மாமியார்களும் உண்டு. மாற்றி எழுத மாட்டோம். சிசேரியன் என்றால் தேதி மட்டுமில்லை, மணியும் குறித்துக்கொண்டு வருவார்கள். டாக்டருக்கு வேறு அவசரக் கேஸ் வந்து ஒரு மணி நேரம் தள்ளிப்போனால் மொத்தக் குடும்பமும் வராந்தாவில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நிற்கும்.

தேவிபட்டினம் மருமகள்:
குமார் தம்பி, நான் ஆயில்யம். பெண் பார்க்க வந்த மூன்று வீட்டில் இதைச் சொல்லியே வேண்டாம் என்றார்கள். கடைசியில் வந்த வீட்டில் என் மாமியார், “நீ வந்து எனக்கு என்ன ஆயிரும், நானே வலை காயப் போடுற மணல்ல பிறந்தவ” என்று சொல்லிக் கட்டிக்கொடுக்க வைத்தார். எண்பது தாண்டிவிட்டது. நேற்று மதியம் நண்டுக்காலைக் கடித்து உடைத்துச் சாப்பிட்டார், பல்லும் அவருடையதே.

உங்கள் அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள். அதோடு, ஆயில்யத்திலேயே முதல் பாதத்துக்குத் தோஷம் சொல்வதில்லை, மற்ற மூன்று பாதத்துக்குத்தான் ஆளுக்கொன்றாகச் சொல்கிறார்கள் என்று எங்கள் ஜோசியரே சொல்லியிருக்கிறார். நட்சத்திரத்தை மறைத்து ஜாதகம் எழுதுவது மட்டும் வேண்டாம். பொருத்தம் பார்க்கிற நாளில் பிறந்த நேரத்தைப் போட்டால் போனிலேயே உண்மை வந்துவிடும். அப்புறம் பொய் சொன்ன வீடு என்ற பெயர்தான் மிஞ்சும்.

சேதுக்கரை:
ஆயில்யம் என்றால் யார் நட்சத்திரம் தெரியுமா? லட்சுமணன். லட்சுமணனும் சத்துருக்கனனும் ஆயில்யம் என்று வால்மீகியே சொல்கிறார். லட்சுமண தீர்த்தத்தில் குளிக்காமல் ராமேஸ்வரத்தை விட்டு யார் வருகிறார்கள்? அந்த ஊருக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு ஆயில்யத்துக்குப் பயப்படுவது நியாயமா?

அதைவிடப் பெரிய சேதி ஒன்று. லட்சுமணனுக்கு வசிஷ்டர் ‘டி’யில் பெயர் வைக்கவில்லை. ‘ல’ அசுவினி எழுத்து. ராமர் புனர்பூசம், கடக ராசி, அப்படியென்றால் நாலாம் பாதம், எழுத்து ‘ஹி’. ‘ரா’ சித்திரை மூன்றாம் பாதத்து எழுத்து. இந்தக் கரையில் கால் வைத்தவருக்கே எழுத்துப் பொருந்தவில்லை.

பாம்பன் பாலா:
இது செம.

பஞ்சாங்கப் பிரியன்:
கண்ணன் ரோகிணி, எழுத்து ஓ, வ, வி, வு. வாசுதேவன் பொருந்துகிறதே என்பார்கள், அதனால் ஒரே அடியாக அடித்துவிட வேண்டாம். ஆனால் சேதுக்கரை சொல்வதில் பாதிக்கு மேல் நியாயம் இருக்கிறது. வேத காலத்துக் கிருஹ்ய சூத்திரங்களில் பெயர் வைப்பதற்கு விதி உண்டு. ஆணுக்கு இரட்டைப்படை எழுத்து, பெண்ணுக்கு ஒற்றைப்படை எழுத்து என்பதெல்லாம் அங்கே வருகிறது. நட்சத்திரத்தை ஒட்டி ஒரு மறைவுப் பெயரும் உண்டு, அது தாய் தகப்பனுக்கு மட்டும் தெரிவது. ஊர் கூப்பிட வேறு பெயர். பள்ளிக்கூடப் பதிவேட்டில் இருக்கும் பெயரே பாத எழுத்தில் தொடங்க வேண்டும் என்பது ஜோசியர் வீட்டுத் திண்ணையில் பிற்பாடு கெட்டிப்பட்ட வழக்கம் என்பது என் கட்சி. பலர் சண்டைக்கு வருவார்கள், வரட்டும்.

உச்சிப்புளி குமார்:
மனைவியின் தம்பி இணையத்தில் ஒரு பட்டியல் எடுத்து அனுப்பியிருக்கிறான். ஆயில்யத்துக்கு திவ்யா, தீபிகா, தியா, துர்கா என்று நல்ல நல்ல பெயராக இருக்கிறது. ஜோசியர் ஏன் இதைச் சொல்லவில்லை?

பஞ்சாங்கப் பிரியன்:
அந்தப் பட்டியலை அப்படியே மூடி வையுங்கள். இங்கிலீஷில் ‘ட’வுக்கும் ‘த’வுக்கும் ஒரே எழுத்து. ஆயில்யத்து எழுத்து நாக்கை மடித்துச் சொல்கிற ‘டி’. தீபிகாவில் வருவது பல்லில் பட்டு வரும் ‘தீ’, அது பூரட்டாதி 4ஆம் பாதம். துர்காவின் ‘து’ உத்திரட்டாதி. பட்டியல் போட்டவர் இங்கிலீஷைப் பார்த்து எல்லாவற்றையும் ஒரே பையில் அள்ளிவிட்டார். பூரத்துக்கு வரும் டா, டி, டு-வும் விசாகத்துக்கு வரும் தீ, தூ, தே, தோ-வும் அதே கதைதான், அங்கேயும் இங்கிலீஷில் ஒரே எழுத்து.

தமிழிலும் நமக்கு வேறொரு சிக்கல். க, ச, ட, த, ப வரிசையில் நமக்கு ஒவ்வோர் எழுத்துத்தான். அட்டவணையில் ‘தா’ சுவாதி, பூராடம், பூரட்டாதி மூன்றிலும் வரும். வடமொழியில் அவை மூன்று வேறு ஒலி, நம் பஞ்சாங்கத்தில் அச்சாகும்போது ஒன்றாகிவிடும். போதாததற்கு ட, ண, ர எல்லாம் தமிழில் சொல்லுக்கு முதலில் வராது என்பது தொல்காப்பியம். திருவாதிரைக்கு ‘ங’ கொடுத்திருக்கிறார்கள், அஸ்தத்துக்கு ‘ண’ கொடுத்திருக்கிறார்கள். ‘ண’வில் ஒரு பெயர் சொல்லுங்கள் பார்ப்போம். வடமொழியிலேயே ‘டி’யில் தொடங்கும் சொல் அரிது. டிண்டிமம் என்று ஒரு முரசு உண்டு. பிள்ளைக்கு டிண்டிமா என்று வைத்தால் ஜோசியர் மகிழ்வார்.

பாம்பன் பாலா:
டிம்பிளே தேவலை.

கூட்டு எண் குரு:
முதல் எழுத்து முக்கியமே இல்லை. பிறந்த தேதியும் பெயர்க் கூட்டு எண்ணும் நட்பாக இருந்தால் போதும். யாழினியில் இங்கிலீஷில் ஒரு ‘ஏ’ கூடப் போட்டுப் பார்க்கலாம். தேதியை அனுப்புங்கள்.

தேவிபட்டினம் மருமகள்:
ஐயா, எங்கள் சித்தப்பா மகனுக்கு இப்படித்தான் ஓர் எழுத்தைக் கூடப் போட்டார்கள். ஆதாரில் ஒன்று, மார்க் ஷீட்டில் ஒன்று, வளைகுடாவுக்குப் போக பாஸ்போர்ட் எடுக்கிற அன்றைக்கு அந்த ஒரு ‘ஏ’வுக்காக அலைந்த அலைச்சலில் செருப்புத் தேய்ந்தது. குமார் தம்பி, தேதியை அனுப்பாதீர்கள்.

தங்கச்சிமடம் மாலுமி:
நாங்க வேதக்காரங்க, நட்சத்திரம் பாக்கிறதில்லை. எங்க வீட்ல சந்தியாகு, அந்தோணி மாறி மாறி வரும். வேர்க்காட்டு சந்தியாகப்பருக்கு நேர்ந்து பிறந்தவன்னா சந்தியாகு, வேற பேச்சே கிடையாது. ஓரியூர்ப் பக்கம் சம்பந்தம் பண்ணின வீடுன்னா அருளானந்து. ஒரே போட்டுல மூணு அந்தோணி ஏறுவான், அதனால கட்டை அந்தோணி, நெட்டை அந்தோணின்னு கடல்ல வேற பேரு. ஞானஸ்நானப் பேரு கல்யாண ஓலை வாசிக்கிற அன்னைக்குத்தான் வெளிய வரும்.

ஆனா ஒண்ணு கேக்கணும். எங்க தெருவுல இந்து வீட்டுக் கிழடுகட்டைகளுக்குப் பிறந்த தேதியே தெரியாது, “தனுஷ்கோடி புயலுக்கு முந்தின வருசம்”னு 64ஐ வச்சுத்தான் வயசு சொல்லும். அவங்களுக்குப் பொருத்தம் எப்படிப் பாத்தாங்க?

பஞ்சாங்கப் பிரியன்:
நல்ல கேள்வி மாலுமி. பெயரின் முதல் எழுத்தை எடுத்து, அதே அட்டவணையைத் தலைகீழாகப் பார்த்து நாம நட்சத்திரம் கண்டுபிடிப்பார்கள். பெயர் சேது என்றால் ‘சே’ அசுவினி இரண்டாம் பாதம் என்று வைத்துக்கொண்டு பொருத்தம் பார்ப்பது. பேர்ப் பொருத்தம் என்பது இதுதான். ராமலிங்கத்துக்கும் முத்துராக்குக்கும் அப்படித்தான் தட்டு மாற்றியிருப்பார்கள். அவர்கள் சேர்ந்து வாழ்ந்து பேரன் பேத்தி எடுத்துவிட்டார்கள். இந்த அட்டவணை இரண்டு பக்கமும் ஓடும் என்பதைத் தெரிந்துகொண்டால் “எழுத்து மாறினால் தலைவிதி மாறிவிடும்” என்று யாராவது மிரட்டும்போது நிதானமாக இருக்கலாம்.

கீழக்கரைவாசி:
எங்களில் ஏழாம் நாள் அகீகா, தலைமுடி இறக்கிப் பெயர் வைப்போம். சண்டை இங்கேயும் உண்டு, வாப்பா வழியா உம்மா வழியா என்று. எழுத்துச் சண்டை இல்லை, ஆள் சண்டை. இழை சுவையாகப் போகிறது, தொடருங்கள்.

தேவிபட்டினம் மருமகள்:
வேண்டுதல் பெயரைப் பற்றி யாரும் பேசவில்லையே. என் பெரிய பையனுக்கு மாமனார் பெயர், ராமலிங்கம். மாமியார் வாயால் இன்றுவரை அவனை அப்படிக் கூப்பிட்டதில்லை, புருஷன் பெயர் ஆயிற்றே! “அப்பு” என்பார். நானும் மாமனார் பெயரைச் சொல்லி, “வாடா, போடா” என்று எப்படி அதட்டுவது? எனக்கும் அவன் அப்புதான். பள்ளிக்கூடத்தில் முதல் நாள் ராமலிங்கம் என்று வாத்தியார் கூப்பிட்டபோது அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பெயர் என்று ஒன்று எழுத்தில் இருக்கும், ஒன்று வாயில் இருக்கும். தம்பி, எழுத்தில் பத்மாசனியை வைத்தால் அம்மா சமாதானம், வாயில் யாழினியைப் புழங்க விட்டால் மனைவி சமாதானம். எல்லாவற்றுக்கும் மேல் தாயாருக்கு நேர்ந்ததை மாற்றக் கூடாது.

சேதுக்கரை:
இதை நான் ஏற்கவில்லை அக்கா. பத்து மாதம் சுமந்தவள் தேர்ந்தெடுத்த பெயர் சர்டிபிகேட்டில் வர வேண்டும். தாயார் கோபிக்க மாட்டாள். வேண்டுதல் பெயரைக் காதில் சொன்னாலே நிறைவேறிவிட்டது என்று திருப்புல்லாணியிலேயே ஒரு பட்டரிடம் கேட்டுப் பார்க்கலாம்.

ரிட்டயர்டு வி.ஏ.ஓ.:
அன்பர்களே, பிறப்புப் பதிவு விஷயத்தில் அவசரம் வேண்டாம். 1969ஆம் ஆண்டுச் சட்டப்படி பிறப்பை 21 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும், ஆஸ்பத்திரிப் பிறப்பு என்றால் அவர்களே தெரிவித்துவிடுவார்கள். அப்போது பெயர்க் கட்டம் காலியாக இருந்தால் குற்றமில்லை. பிறப்பு பதிவான நாளிலிருந்து 12 மாதத்துக்குள் பெயரைக் கட்டணம் இல்லாமல் சேர்க்கலாம். அதற்குப் பிறகு 15 வருடம் வரை தாமதக் கட்டணம் கட்டிச் சேர்க்கலாம்.

ஆனால் ஒருமுறை ஏறிவிட்டால் எழுத்துப் பிழையைத் திருத்தலாமே தவிர, பெயரையே மாற்றுவது அரசிதழ் வரை இழுக்கும். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த பிள்ளைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை, ஓட்டுநர் உரிமம், வாக்காளர் பட்டியல் எல்லாவற்றுக்கும் பிறந்த தேதிக்கு ஆதாரம் இந்தச் சான்றிதழ்தான். முன்போல் பள்ளிக்கூடத்தில் ஹெட்மாஸ்டர் வாய்க்கு வந்த பெயரை எழுதிக்கொள்ளும் காலம் போய்விட்டது. பதினாறாம் நாளுக்குள் தலையை உடைத்துக்கொள்ளாமல் தொட்டிலைப் போடுங்கள், சான்றிதழ் பிறகு. சர்டிபிகேட்டுக்குக் கொடுக்கும் தாளில் தமிழிலும் இங்கிலீஷிலும் நீங்களே தெளிவாக எழுதிக் கொடுங்கள். யாழினியின் ‘ழ’வை இங்கிலீஷில் எப்படி எழுதுவது என்று வீட்டில் ஒரே முடிவாக இருங்கள். அதில்தான் பாதிப் பேர் மாட்டுகிறார்கள்.

உச்சிப்புளி குமார்:
எல்லோருக்கும் நன்றி. தொட்டில் நல்லபடியாக முடிந்தது.

தாம்பாளத்தில் பச்சரிசி பரப்பி, அக்கா தன் மோதிரத்தால் பத்மாசனி என்று எழுதினாள். எங்கள் பக்கம் அத்தைதான் பெயர் வைக்க வேண்டும். பிள்ளையின் வலது காதில் மூன்று தடவை சொன்னாள். மூன்றாவது தடவை பிள்ளை தும்மியது. அம்மா அதையே தாயார் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்கள். அடுத்து மாமனார் சட்டைப்பையிலிருந்து ஜோசியர் தாளை எடுத்தார். மனைவி ஒன்றும் பேசாமல் அதை வாங்கி மடித்து ஜாதக நோட்டுக்குள் வைத்துவிட்டாள். ‘டி’க்கு யாரும் பெயர் சொல்லவில்லை, அவரும் வற்புறுத்தவில்லை.

சான்றிதழுக்கு யாழினி. அம்மா இதற்கு ஒப்புக்கொண்டது எனக்கே ஆச்சரியம். பத்மாசனி என்று பள்ளிக்கூடத்தில் போட்டால் பிள்ளைகள் பத்து என்று கூப்பிடுவார்கள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள், சேதுக்கரை சொன்னதை நான் காட்டியதும் ஒரு காரணம். ஜாதகத்தை மட்டும் இன்னும் எழுதவில்லை. அம்மா வாக்கியத்தில் எழுதச் சொல்கிறார்கள். தேவிபட்டினம் அக்கா சொன்னதை வைத்துப் பேசிப் பார்த்தேன், “அந்தப் பொம்பளைக்கு மாமியார் நல்லவ, எல்லாரும் அப்படியா” என்று ஒரே போடு.

பஞ்சாங்கப் பிரியன்:
உங்கள் வீட்டில் வாக்கியமே வழக்கம் என்றால் அதிலேயே எழுதுங்கள், அது மறைப்பது ஆகாது. பிறந்த தேதியும் மணியும் மட்டும் ஆஸ்பத்திரிச் சீட்டில் உள்ளபடியே இருக்கட்டும். அதோடு திருக்கணிதப்படி ஆயில்யம் 1 என்று அடியில் ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். கேட்கிற வீட்டுக்கு இரண்டும் தெரியட்டும்.

பாம்பன் பாலா:
தும்மினதை வீடியோ எடுத்தீங்களா மாப்ளே?

ஏர்வாடி நிலா:
இதே இழையில் கேட்கலாமா? தங்கச்சிக்கு நேற்றுப் பையன், சுவாதி இரண்டாம் பாதம். ‘ரே’ என்கிறார்கள். ரேவந்த் தவிர வேறு ஏதாவது உண்டா? மாமியார் வீட்டில் தாத்தா பெயர் ரெங்கசாமி, ‘ரெ’ குறிலாக இருந்தால் ஒப்புக்கொள்வார்களா?

பஞ்சாங்கப் பிரியன்:
குறில் நெடில் பார்க்காமல் சேர்ப்பதே நம் பக்கத்து வழக்கம். ஆனால் ரெங்கசாமியின் சரியான முதல் எழுத்து ‘ர’, அது ‘ரங்க’சாமி. ‘ர’ சித்திரை. உங்கள் ஜோசியர் அதைக் கவனிக்காதவராக இருந்தால் தாத்தா பெயரே வைத்துவிடுங்கள்.